பிரேக் ஆயில் எப்போது மாற்றுவது? பெடலின் கோளாறை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

முதலில் நேரடியான பதில்: பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. சில கம்பெனிகள் மூன்று வருஷம் என்கின்றன, சில கிலோமீட்டர் கணக்கையும் சேர்த்து "எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். உங்கள் காரோடு வந்த கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கார் அதிகம் ஓடவில்லை, ஷெட்டில்தான் நின்றது என்பதெல்லாம் இங்கே செல்லாது, ஏனென்றால் இந்த ஆயில் ஓடி ஓடித் தேய்வதில்லை, ஈரத்தை உறிஞ்சிக் கெடுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், பானெட்டுக்குள் இந்த ஆயிலை வைத்திருக்கும் டப்பாவின் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும் போகும்.

சிக்கல் என்னவென்றால், மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஆயில் பெரும்பாலும் எதையுமே காட்டிக்கொள்ளாது. சாதாரண ஓட்டத்தில் புது ஆயிலும் நாலு வருஷ ஆயிலும் காலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னொரு பக்கம், பெடலில் ஏதாவது கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் கை காட்டுவது ஆயிலைத்தான், ஆனால் பல சமயம் குற்றவாளி வேறு ஆள். அதனால் "ஆயில் மாற்றினேன், ஆனாலும் சரியாகவில்லை" என்ற புலம்பல் ஓயாமல் கேட்கிறது. கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே: பெடல் தரை வரை போகிறது, அல்லது டப்பாவில் ஆயில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைகிறது என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் வந்த பிறகு பெடல் உள்ளே போகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது

பழியைத் தயங்காமல் ஆயில் தலையில் போடக்கூடிய அறிகுறி என்றால் இதுதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் சில நூறு டிகிரி வரை சூடாகும். அந்தச் சூடு, டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழியாக, பேட்டை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனுக்கும், அதற்குப் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் வரும். புதிதாக ஊற்றிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரப் பெயர்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அதே ஆயிலில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது தாங்க வேண்டிய அளவு வெறும் 155 டிகிரி. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. அந்த அளவைத் தாண்டினால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் கொடுக்கும் மிதி முழுக்க அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இது இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வர வேண்டும் என்பதில்லை. கீழே வந்து வண்டியை ஓரம் கட்டி ஐந்து பத்து நிமிஷம் நிறுத்துகிறீர்கள். ஓடும்போது டிஸ்க்கைக் குளிரவைத்த காற்று நின்றுவிட்டது, டிஸ்க்கில் தேங்கிய சூடெல்லாம் இப்போது மெல்லக் காலிப்பருக்குள் இறங்குகிறது. திரும்ப வண்டியை எடுத்து முதல் பிரேக் போட்டால் பெடல் காற்றில் மிதித்த மாதிரி போகும். நல்ல இறக்கத்துக்குப் பிறகு நிறுத்தி எடுத்தால், நகருவதற்கு முன் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது எந்தக் காருக்கும் நல்ல பழக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஆனால்: பெடலை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், சில சமயம் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கீழ் கியர் நிலைக்கு மாற்றுங்கள். கைப்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், பட்டனை அமுக்கிப் பிடித்தபடி, படிப்படியாக இழுங்கள். பட்டன் வகை மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல கார்களில் அந்தப் பட்டனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி கட்டுப்பாட்டோடு நிற்கும், உங்கள் காரில் அப்படியா என்று இன்றே கையேட்டில் பார்த்து வையுங்கள்.

ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழையபடி உறுதியாகிவிடும். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், "சும்மா ஏதோ ஒரு தடவை" என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த இறக்கத்தில் அதே ஆயில்தான் இருக்கப் போகிறது. ஒருமுறை கொதித்த ஆயிலைத் தேதி பார்க்காமல் மாற்றுங்கள். கூடவே ஏன் அவ்வளவு சூடானது என்றும் பாருங்கள்: ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கொதிக்கிறதென்றால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். எல்லாமே சூடு என்றால் இறக்கத்தில் மேல் கியரிலேயே பிரேக்கை நம்பி இறங்கியிருப்பீர்கள்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று இருக்கிறது. பெடல் வழக்கமான உயரத்தில் உறுதியாகவே நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது, கருகிய வாடை வருகிறது. அது பேட் சூடாகிப் பிடிப்பை இழந்த கதை, ஆயில் மாற்றுவதால் அது தீராது. பெடல் உள்ளே போனால் ஆயில், பெடல் நின்றும் வண்டி நிற்காவிட்டால் பேட்.

காலையில் எடுக்கும்போதே பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே அப்படி என்றால் கொதிப்புக்கு வேலையில்லை. பழைய ஆயிலாலேயே பெடல் இப்படி ஆகாது, தண்ணீர் கலந்த ஆயிலும் குளிர்ந்த நிலையில் அமுங்காது. எங்கேயோ காற்று இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பாகம் விரிந்து கொடுக்கிறது.

எளிய சோதனை: இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை அழுத்தி, பூஸ்டருக்குள் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பாகம்) மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீருங்கள். அப்புறம் விட்டு விட்டு மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் மேலே ஏறி வந்தால் இரண்டு சாத்தியம்: லைனில் காற்று, அல்லது பேட்டுக்கும் டிஸ்க்குக்கும், இல்லை பின்பக்க ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருப்பது. பின்னால் டிரம் உள்ள கார்களில் தானாக இறுகிக்கொள்ளும் அட்ஜஸ்டர் சிக்கிக்கொண்டு இப்படி ஆவது ரொம்பச் சகஜம், ஆனால் பாவம், அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. எத்தனை முறை மிதித்தாலும் அதே மாதிரி அமுங்குகிறது என்றால் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். ஒருவர் பெடலை அழுத்தமாக மிதிக்க, இன்னொருவர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் வீங்குவது தெரிந்துவிடும்.

அண்மையில் யாராவது பிரேக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், முதலில் ஏர் எடுங்கள், அதாவது ஆயில் லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது மிதித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது

டப்பாவில் அளவு குறைகிறதா பாருங்கள். குறைகிறதென்றால் வெளியே கசிவு: நாலு சக்கரங்களின் உள்பக்கம், டிரம்மின் பின்தட்டு, ஹோஸ் முனைகள், அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) வேக்குவம் பூஸ்டரோடு சேரும் இடம், இவற்றில் ஈரம் தெரிகிறதா என்று தேடுங்கள். அந்தக் கடைசி இடத்தில் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே போய்விடும், கீழே ஒரு சொட்டும் தெரியாது, அளவு மட்டும் குறையும்.

அளவு குறையவே இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. அழுத்தம் சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. மெதுவாக, லேசாக மிதிக்கும்போது இறங்கி, ஓங்கி மிதித்தால் நிற்பது இதன் குணம். ஆயில் மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு, சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த சீல் போனதற்குப் பல வருஷம் மாற்றாத ஆயிலும், அது உள்ளே உண்டாக்கிய துருவும் காரணமாக இருந்திருக்கலாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் அழுத்திப் பிடித்த பெடல் கொஞ்சம் கீழே போய் நிற்பது கோளாறே இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி இறங்காமல் பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டரையோ அதன் வேக்குவம் குழாயையோ பாருங்கள். பிரேக் போடும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை.

சிவப்பு விளக்கு எரிகிறது, அல்லது அளவு குறைந்திருக்கிறது

கைப்பிரேக் முழுதாக விடுபட்டதா என்று பார்த்துவிட்டு டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் போகும், டப்பாவில் அளவு இறங்கும். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கினால் இதுதான். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்பாதீர்கள். நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி வழிந்து பெயின்ட் மேல் விழும். பெயின்ட்டை அது உரித்துவிடும். விழுந்தால் துணியால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சில நாட்களிலேயே இறங்கினால் கசிவு, மேலே சொன்ன இடங்களைத் தேடுங்கள். பல கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது, நாலு சக்கரமும் உலர்ந்திருந்தால் கிளட்ச் பக்கமும் பாருங்கள்.

ஆயில் கறுத்துவிட்டது

நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். புது ஆயில் கிட்டத்தட்ட நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும், நாளாக ஆகப் பழுப்பாகும், ரப்பர் துகள், சேர்க்கைப் பொருட்களின் மாற்றம் என்று அதற்குப் பல காரணம். ஆனால் தண்ணீருக்கு நிறம் கிடையாது. தெளிவாகத் தெரியும் ஆயில் ஈரத்தை நிறையக் குடித்திருக்கலாம், கறுத்த ஆயிலின் கொதிநிலை இன்னும் பரவாயில்லாமல் இருக்கலாம். கறுப்பு என்பது "கடைசியாக எப்போது மாற்றினோம்?" என்று கேட்க வைத்தால் போதும். பதில் தெரியாவிட்டால், குறிப்பாகப் பழைய கார் வாங்கியிருந்தால், மாற்றிவிட்டு அன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

சோதனைக் கருவிகள் உண்டு. பேனா மாதிரி இருக்கும் விளக்குக் கருவி ஆயிலின் மின்கடத்தும் திறனைப் பார்த்துத் தண்ணீரை ஊகிக்கிறது, ஆயிலின் கலவைக்குக் கலவை அந்தத் திறன் மாறும் என்பதால் அது பச்சை காட்டினால் முழுக்க நம்பிவிட முடியாது. தாமிர அளவைக் காட்டும் தாள் பட்டையும் இருக்கிறது. அது பார்ப்பது தண்ணீரை அல்ல, உள்ளே அரிப்பைத் தடுக்கும் சேர்க்கை தீர்ந்துபோய்க் குழாய்களின் உட்பூச்சிலிருந்து தாமிரம் கரையத் தொடங்கிவிட்டதா என்பதை. உண்மையில் நம்பத்தகுந்தது ஆயிலைச் சூடாக்கிக் கொதிநிலையையே அளக்கும் கருவி. ஆனால் டப்பாவிலிருந்து எடுக்கும் மாதிரி டப்பாவின் நிலையைத்தான் சொல்லும், கொதிக்கப் போவது காலிப்பரில் இருப்பது. என்னைக் கேட்டால், இதையெல்லாம் வாங்கும் காசுக்கு ஒரு பாட்டில் புது ஆயிலே வாங்கிவிடலாம்.

டப்பா மூடியின் ரப்பர் உப்பிப் பிதுங்குகிறது

இது மோசமான செய்தி. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ, பெட்ரோலியம் வகையில் ஏதோ ஒன்று தவறிப் பிரேக் டப்பாவுக்குள் போயிருக்கிறது. பிரேக் அமைப்பில் உள்ள ரப்பர் அதைத் தாங்காது, ஊறி வீங்கும். உறுதிப்படுத்த டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். வெறும் ஆயில் மாற்றம் போதாது, அந்த ஆயில் பட்ட சீல்கள், ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டியிருக்கும்.

பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது

வண்டியைத் தூக்கி அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து, சக்கரம் விடுபட்டால் லைனில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், பெரும்பாலும் ஹோஸ் உள்ளே உரிந்து ஒருவழிக் கதவாகிவிட்டது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ துருப்பிடித்து இறுகிவிட்டது. பிஸ்டன் துருவுக்கு ஈரம் கலந்த பழைய ஆயில் நேரடிக் காரணமாக இருக்க முடியும். இரண்டு வருஷக் கணக்கைக் கிண்டல் செய்பவர்களுக்கு நான் காட்டுவது கொதிநிலையை அல்ல, இந்தத் துருவைத்தான். சமவெளியிலேயே ஓட்டுபவருக்கு ஆயில் கொதிக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் துரு எல்லோருக்கும் வரும். பேட்டரிக் கார் வைத்திருப்பவர்களும் இதில் சேர்த்திதான்: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் அங்கே பேட் அதிகம் தேயாது, ஆயில் மட்டும் வயதாகிக்கொண்டே இருக்கும்.

ஆயில் மாற்றிய பிறகுதான் பெடல் கெட்டது

வேலை நடந்த விதத்தில்தான் தப்பு, புது ஆயிலை நோகாதீர்கள். வழக்கமான காரணங்கள் மூன்றுதான்.

முதலாவது, மாற்றும்போது டப்பா வற்றி மாஸ்டர் சிலிண்டர் காற்றைக் குடித்திருக்கும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் அந்தக் காற்று போய்விட்டால் சாதாரணமாக ஏர் எடுத்து வெளியே கொண்டுவருவது கஷ்டம், ஸ்கேனரை மாட்டி உள்ளே இருக்கும் வால்வுகளையும் பம்ப்பையும் ஓடவிட்டு எடுக்க வேண்டும். காற்றே புகாமல் மாற்றியிருந்தால் பெரும்பாலான கார்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கம்ப்யூட்டர் இருக்கும் ஹைபிரிட், மின்சாரக் கார்கள் சிலவற்றில் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் நிப்பிளைத் தொடவே கூடாது. அவற்றைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டியது. நிப்பிள் எப்போதும் மேல்பக்கம் இருக்க வேண்டும், கீழே போய்விட்டால் காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வராது.

மூன்றாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. பழைய கார்களில் பெடல் தினமும் பாதி தூரம்தான் போகும். மாஸ்டர் சிலிண்டரின் மீதிப் பாதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் ஓடிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் அந்த வம்பே இல்லை.

சரியாக மாற்றும் முறை இதுதான். டப்பாவிலுள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி, புது ஆயிலை நிரப்புங்கள், பழையதையெல்லாம் குழாய் வழியாகத் தள்ளுவது வீண். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, பெடல் கட்டையைத் தொட்டதும் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும், இந்த ஒன்றில் தவறினால் காற்று பின்னோக்கி ஏறும். புது நிறமும் குமிழி இல்லாத ஓட்டமும் வரும்வரை தொடருங்கள், நடுநடுவே டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரங்களின் வரிசை காருக்குக் கார் மாறும், "தூரத்திலிருந்து பக்கத்துக்கு" என்ற பழைய விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள். துருப்பிடித்த நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருகினால் உடைந்து காலிப்பரோடு போய்விடும். முதல் நாளே துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து வையுங்கள்.

பாட்டிலைப் பொறுத்தவரை, டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணையே வாங்குங்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம், தேவைப்பட்டால் ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிகான், எண் பெரியது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். டாட் 5.1-ஐயும் டாட் 5-ஐயும் ஒன்றென நினைத்து வாங்குபவர்கள் நிறைய. ஏபிஎஸ், ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள பல புதிய கார்கள் குளிரிலும் இளக்கமாக ஓடும் டாட் 4 வகையைக் கேட்கும், அப்படிக் கேட்டிருந்தால் சாதா டாட் 4 வேண்டாம். திறந்து கிடந்த பழைய பாட்டில் எவ்வளவு நிறைய இருந்தாலும் பிரேக்குக்குப் போகக் கூடாது, அதுவும் ஈரம் குடித்ததுதான்.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் போட்டு, பெடல் உயரமாகவும் உறுதியாகவும் நிற்கிறதா என்று வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பாருங்கள், நிப்பிள்களில் ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்புறம் ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் போட்டுவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.